கால் பங்கு, அல்லது ஐயாயிரம் ரூபாய்

மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு, அல்லது ஐயாயிரம் ரூபாய். இரண்டில் எது குறைவோ அது மகளுக்கு. உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் பெண்ணுக்குள்ள உரிமை இவ்வளவுதான் என்று 1916இல், கொல்லம் ஆண்டு 1092இல், திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டது. ஸ்ரீதனம் வாங்கிக்கொண்டு போன மகளுக்கு அந்தக் கால் பங்கும் கிடையாது. வாங்கியிருக்கக்கூட வேண்டாம், தருவதாக வாக்குச் சொல்லியிருந்தாலே அவள் கணக்கு முடிந்தது. விதவைக்கு ஆயுள் உள்ளவரை அனுபவம் மட்டும். மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும்.

நான் நாகர்கோவில் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குகள் நடத்துகிற வக்கீல். திருவிதாங்கூர் என்றதும் அது கேரளத்துக் கதை என்று வடக்கே இருக்கும் நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதுவரை மகாராஜாவின் சட்டம்தான் எங்கள் பாட்டிமாரின் சட்டம். சேர்ந்த பிறகும் அது எங்களை விடவில்லை. குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் ஆதாரப் பத்திரக் கட்டை அவிழ்த்தால், அதில் எங்காவது ஓரிடத்தில் இந்தச் சட்டத்தின் தடம் இருக்கும்.

பெண்ணுக்குச் சம உரிமை என்று மேடையில் பேசும்போது, பெண் என்று ஒருத்தி சாதி, சபை, ஊர் எதுவும் ஒட்டாமல் தனியாக நிற்பதுபோலப் பேசுகிறோம். எங்கள் மண்ணின் சட்ட வரலாற்றில் அப்படி ஒருத்தி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எந்தச் சாதிப் பெண், எந்தச் சபைக்காரி, எந்தத் தாலுகா, கட்டிக்கொடுத்தாயிற்றா இல்லையா என்று வரிசையாகக் கேட்ட பிறகுதான் சட்டம் அவளுக்கு என்ன உண்டு என்று வாய் திறந்தது. இந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் இடத்தில்தான் அநியாயமும் இருந்தது. ஒரு இழையை மட்டும் உருவிக் காட்டு என்று நீதிமன்றம் கேட்டால் எந்தப் பெண்ணாலும் காட்ட முடியாது.

சொத்துக்கு முன்னால் உடையில் தொடங்கியது இந்த அநியாயம். நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலகத்தைச் சாதிப் போராட்டமாகச் சொல்கிறவர்கள் உண்டு. மிஷனரிமார் செய்த காரியமாகச் சொல்கிறவர்களும் உண்டு. நான் அந்த அரச உத்தரவுகளை ஒரு வக்கீலாகவே படித்தேன். பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்தில், 1814இல், கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவானது. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள முஸ்லிம் பெண்களும் போடுகிற சட்டை அது. ஆனால் எங்கள் நாடார் பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை, தோளில் சீலையும் போட்டார்கள். தோளில் விழும் சீலை நாயர் பெண்ணின் அடையாளம் என்று மேல்சாதியார் கொதித்தார்கள். சந்தையிலும் வழியிலும் வைத்துச் சீலையைக் கிழித்தார்கள். 1829 பிப்ரவரியில் வந்த அரச விளம்பரம் அந்த மேல்சீலையை மறுத்தது. 1858 கடைசியில் கலகம் மறுபடி மூண்டது. பள்ளிக்கூடங்களும் ஜெப வீடுகளும் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவிலியன் நெருக்கினார். 1859 ஜூலை 26ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜாவின் விளம்பரம் வெளியானது.

அந்த விளம்பரத்தின் சாரத்தை என் வாக்கில் சொல்கிறேன். நாடார் பெண்கள், கிறிஸ்தவ நாடார் பெண்களைப் போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம். எந்த மதத்தவராக இருந்தாலும் முரட்டுத் துணியை மீனவச் சாதிப் பெண்களான முக்குவத்திகளைப் போலச் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எந்த விதமாகவும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

பெண்கள் அவரவர் விருப்பப்படி உடுத்தலாம் என்று ஒரே வரியில் முடிந்திருக்க வேண்டிய காரியம். அந்த ஒரு வரி வரவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பெண்ணை இன்னொரு பெண்ணின் பக்கத்தில் நிறுத்தி அளக்கிறது. இவள் அவளைப் போல இருக்கலாம், ஆனால் உவளைப் போல இருக்கக்கூடாது. அந்த ‘உவள்’, நாயர் வீட்டுப் பெண், அவளும் தனக்கு மேலானவர்கள் முன்னால் தன் சீலையை இறக்க வேண்டியிருந்தது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது என்ற தடைகள் நாடார் ஆண்களையும் வாட்டின. ஆனால் சாதி வரம்பை மீறினால் நடுச்சந்தையில் துகிலுரியப்படும் தண்டனை பெண்ணுக்கு மட்டும்தான். அதைச் சாதிக் கொடுமை என்று மட்டும் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. பெண்ணடிமை என்று மட்டும் சொன்னாலும் பாதி விட்டுப்போகிறது.

இதற்கும் கீழே ஒரு வரிசை இருந்தது. லண்டன் மிஷன் இந்தப் பகுதியில் கால்வைத்த இடம் மயிலாடி. அங்கே மிஷனரி ரிங்கல்தௌபேயை வரவழைத்த வேதமாணிக்கம் சாம்பவர் குலத்தவர். அவருடைய இனத்தவர் அன்று அடிமைகளாக விலைபோனார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை முற்றாக ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, 1820களில், அந்த மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் விற்ற காசில் தங்கள் அடிமைக் கட்டிலிருந்து தங்களையே மீட்டுக்கொண்ட பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். தகப்பன் சொத்தில் பங்கு என்ற பேச்சே அந்தப் பிள்ளைகளின் வீட்டில் எழ வழியில்லை. நான் இங்கே எழுதும் வாரிசு வழக்கெல்லாம் நிலம் இருந்த வீட்டுப் பெண்களின் வழக்கு. அதை மறந்துவிட்டு மேலே எழுதினால் நானும் அந்த விளம்பரம் எழுதியவர்களைப்போல ஒருத்தியை வெளியே நிறுத்தியவள் ஆவேன். அந்தப் பிள்ளைகளின் வழிவந்தவர்களுக்கு 1950இல் இன்னொரு கதவும் சாத்தப்பட்டது: அட்டவணைச் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணையில் கிறிஸ்தவர்களுக்கு இடமில்லை. சாதி அவர்களை விடவில்லை, சாதிக்குரிய பாதுகாப்பு மட்டும் விட்டுப்போனது.

இனி சொத்துக்கு வருகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் ஒரே சாலையில் குடியிருந்த பெண்களை எண்ணிப் பாருங்கள். நாயர் வீட்டில் மருமக்கத்தாயம். தறவாட்டுச் சொத்து, அதாவது கூட்டுக் குடும்பச் சொத்து, பெண்வழி இறங்கும், ஆளுகை மட்டும் குடும்பத்தின் மூத்த ஆணான காரணவர் கையில். 1925இன் நாயர் சட்டத்துக்குப் பிறகு பெண்களும் குழந்தைகளும் தலைக்கொரு பங்கு பிரித்துக்கொள்ள வழி வந்தது. நாஞ்சில் வெள்ளாளர் வீட்டில் மக்கள்வழியும் மருமக்கள்வழியும் கலந்து கிடந்தன. கணவன் கண்மூடினால் சொத்து அவன் மருமகனான சகோதரி மகனுக்கு, மனைவியும் பிள்ளைகளும் வாசலில். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ எழுதியது இதற்காகத்தான். அதைச் சொல்லிப் புலம்புகிறவளாக அவர் ஒரு பெண்ணையே வைத்தார். 1926இல் அந்த வழக்கம் சட்டத்தால் மாறியது. முஸ்லிம் வீட்டில் ஷரியத்துப்படி மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. அதே சாலையில் கிறிஸ்தவ நாடார் வீட்டில் பிறந்தவளுக்கு, கால் பங்கு அல்லது ஐயாயிரம்.

கிறிஸ்தவர்களுக்குள்ளும் எல்லோருக்கும் ஒரே சட்டம் இல்லை. 1916 சட்டத்தின் 30ஆம் பிரிவு சிலருக்கு விலக்குக் கொடுத்தது. லத்தீன் கத்தோலிக்கரில் சில வகுப்பார், கருநாகப்பள்ளி, கொல்லம், சிறையின்கீழ், திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை, மற்றும் இதர தாலுகாக்களில் உள்ள சில புராட்டஸ்டண்டுகள் ஆகியோரிடம் ஆணும் பெண்ணும் சமமாகப் பிரிக்கும் வழக்கம் முன்பே இருந்ததால், கால் பங்கு விதி அவர்களைத் தொடாது. லத்தீன் கத்தோலிக்கரில் பலர் கடற்கரைக்காரர்கள். 1859இல் நாடார் பெண்ணுக்கு, நீ முக்குவத்தியைப் போல முரட்டுத்துணி கட்டிக்கொள் என்று சொன்னார்கள். கீழான உடைக்கு எடுத்துக்காட்டாக நின்றவள் கரையோரத்துப் பெண். 1916இல் பார்த்தால் அந்தக் கரையோரத்துச் சபைகளில்தான் சம பங்கு வழக்கம் இருப்பதாகச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. பணமும் நிலமும் கூடிய வீடுகளில் பெண்ணின் பங்கு சுருங்கியிருந்தது. இந்த ஒரு செய்தி போதும், சம பங்கு என்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பேச்சு என்று சபைக் கூட்டங்களில் சொல்லுகிறவர்களுக்கு மறுமொழியாக.

‘இதர தாலுகா’ என்று சட்டத்தில் எழுதியிருந்ததால் எங்கள் பக்கத்துப் பெண்ணும் அந்த விலக்கைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். கேட்கலாம்தான். ஆனால் வழக்கம் உண்டு என்று சொல்கிறவள்தான் அதை நிரூபிக்க வேண்டும். சாட்சிக்கு வர வேண்டியவர்கள் யார்? குடும்பத்துப் பெரியவர்கள், சபை மூப்பர்கள். அவள் யார்மீது வழக்குப் போடுகிறாளோ அவர்களேதான்.

என் பாட்டியின் ஒழிமுறி, அதாவது பங்கை விட்டுக்கொடுத்த பத்திரம், என்னிடம் இருக்கிறது. கொல்லம் 1112ஆம் ஆண்டு, சங்கு முத்திரையிட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாளில், மலையாளம் கலந்த தமிழில் எழுதியது. ரொக்கம் இவ்வளவு, பாம்படம் ஒரு சோடி, வெண்கல உருளி ஒன்று, ஸ்ரீதனமாகப் பற்றிக்கொண்டதாகவும், தகப்பனார் வகை ஸ்தாவர ஜங்கம வஸ்துக்களில் இனித் தனக்கோ தன் சந்ததிக்கோ யாதொரு அவகாசமும் தர்க்கமும் இல்லையென்றும் அதில் இருக்கிறது. கீழே இடக்கைப் பெருவிரல் ரேகை. பாட்டிக்கு எழுத்து தெரியாமல் இல்லை. மிஷன் பள்ளியில் படித்தவர், வேதாகமத்தை முன்னும் பின்னும் புரட்டிப் புரட்டி வாசிப்பார். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று அன்று யாரும் அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள். அந்த ரேகைக்கு நேரே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் அவருடைய இரண்டு அண்ணன்மார்.

பாட்டி இதைக் குறையாகச் சொன்னதில்லை. “எனக்குள்ளத தந்துதானே அனுப்பினாவ” என்பார். உள்ளது என்று எதைச் சொன்னார் என்று இப்போது கணக்குப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அண்ணன்மார் பிரித்துக்கொண்ட வயலும் தென்னை விளைகளும் தலைமுறை தலைமுறையாக விலை ஏறின. பாட்டிக்குக் கொடுத்த ரொக்கம் பாட்டாவின் கையில் போய் அந்த வருடமே கரைந்தது. ஸ்ரீதனம் என்ற பெயரில் கொடுத்ததைப் பெண்ணின் பங்கு என்று சட்டம் எழுதிக்கொண்டது. ஆனால் அது அவள் கையில் ஒருநாளும் நிற்கவில்லை. தகப்பன் வீட்டிலிருந்து மாமனார் வீட்டுக்கு ஆண்கள் கைமாற்றிக்கொண்ட பணம் அது. 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. அதன் பிறகும், குற்றம் என்று ஒரு சட்டம் சொன்ன அதே பணத்தைக் காட்டித்தான் இன்னொரு சட்டம் மகளை வெளியே நிறுத்தியது.

ஐயாயிரம் என்ற வரம்பையும் பார்க்க வேண்டும். 1916இல் ஐயாயிரம் ரூபாய் பெரும் பணம். ஆனால் அந்தத் தொகை கடைசி வரை ஒரு சக்கரக் காசுகூட ஏறவில்லை. இரண்டில் எது குறைவோ அது என்று எழுதியிருந்ததால், நிலம் விலை ஏற ஏறப் பெண்ணின் பங்கு தானாகவே தேய்ந்துகொண்டு வந்தது. ஒன்றும் செய்யாமல் விட்டாலே போதும் என்ற அளவுக்கு அந்தச் சட்டம் ஆண்மக்களுக்கு வசதியாக எழுதப்பட்டிருந்தது.

சுதந்திரம் வந்தது, அரசியல் சாசனம் வந்தது. 1951 ஏப்ரல் 1 முதல் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, பழைய சமஸ்தானப் பகுதிகளுக்கும் நீண்டது. அந்தச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கும் பிள்ளைகளுக்கு, ஆண் பெண் என்ற வேறுபாடு இல்லாமல் சமமாக. இதற்கு நேரான சமஸ்தானச் சட்டங்கள் ரத்து என்றும் நாடாளுமன்றம் சொன்னது. அன்றோடு கால் பங்கு ஒழிந்திருக்க வேண்டும். ஆனால் 1925 சட்டத்தின் 29ஆம் பிரிவில் அமலில் உள்ள வேறு சட்டங்களைக் காப்பாற்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு, திருவிதாங்கூர்ச் சட்டம் பிழைத்திருக்கிறது என்று திருவிதாங்கூர்-கொச்சி உயர் நீதிமன்றம் 1950களில் தீர்ப்பளித்தது. எங்கள் பக்கத்துக்கு வழிகாட்ட வேண்டிய சென்னை உயர் நீதிமன்றம் இரண்டு விதமாகப் பேசியது. 1974ஆம் ஆண்டுத் தொகுப்பில் வந்த தீர்ப்பில், சட்டம் ரத்தாகிவிட்டது என்றார் தனி நீதிபதி. 1978ஆம் ஆண்டுத் தொகுப்பில், இல்லை, அது உயிரோடு இருக்கிறது என்றது இரு நீதிபதிகள் அமர்வு. குமரி மாவட்டத்துப் பெண்ணுக்கு நான்கு வருடம் திறந்த கதவு மறுபடி அடைபட்டது.

இதே காலத்தில் பக்கத்து வீட்டு இந்து நாடார் பெண்ணுக்கு என்ன நடந்தது? 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் தானே சம்பாதித்து உயில் எழுதாமல் விட்ட சொத்தில் மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவு. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை வந்தது தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல். அதுவும் அதற்கு முன்பே கல்யாணமானவளுக்கு அன்று கிடைக்கவில்லை. ஒரே சாதி, ஒரே ஊர், ஒரே பனைவிளையின் இரு கரையிலும் வீடு, பாட்டன்மார் உடன்பிறந்தவர்கள்கூட. ஒருவர் ஞானஸ்நானம் எடுத்தார், மற்றவர் எடுக்கவில்லை. தோளில் சீலை போடும் உரிமைக்கு எங்கள் கிறிஸ்தவப் பெண்கள்தான் முன்னே நின்றார்கள். நூறு வருடம் கழித்துச் சொத்தில் அவர்கள் பின்னே நின்றார்கள்.

திருவிதாங்கூர்ச் சட்டத்துக்கு நெருக்கடி கொடுத்தவர் சிரியன் கிறிஸ்தவரான மேரி ராய். கணவரைப் பிரிந்து இரண்டு குழந்தைகளோடு வந்தவர், ஊட்டியில் தகப்பனாருக்கு இருந்த ஒரு சிறு வீட்டில் தங்கினார். மகளுக்கு உரிமையில்லை, வெளியேறு என்று குடும்பம் சொன்னது. திருவிதாங்கூர்ச் சட்டம் ஊட்டியில் செல்லாது. அதனால் அங்கே அவரால் நிற்க முடிந்தது. அந்த வீடு மார்த்தாண்டத்திலோ கோட்டயத்திலோ இருந்திருந்தால் நின்றிருக்க முடியாது. பிறகு கோட்டயத்தில் பள்ளிக்கூடம் தொடங்கி நடத்தினார். 1983இல் உச்ச நீதிமன்றத்துக்கே நேராகப் போனார். அவருக்காக வாதாடியவர் இந்திரா ஜெய்சிங். இந்தச் சட்டம் சமத்துவத்துக்கு விரோதம், அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவின் முன் நிற்காது என்பது மனு.

1986 பிப்ரவரி 24ஆம் தேதி நீதிபதிகள் பகவதியும் பதக்கும் தீர்ப்பளித்தார்கள். திருவிதாங்கூர்ச் சட்டம் 1951 ஏப்ரல் 1ஆம் தேதியே ரத்தாகிவிட்டது, சென்னையின் 1978 தீர்ப்பு தவறு. வென்றாயிற்று. முப்பத்தைந்து வருடம் செத்த சட்டம் ஒன்று எங்கள் வீடுகளை ஆண்டிருக்கிறது என்பதை அந்தத் தீர்ப்பு வெளியே கொண்டுவந்தது. எத்தனை ஒழிமுறிகள், எத்தனை பெருவிரல் ரேகைகள் அந்த முப்பத்தைந்து வருடத்தில்!

அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. சட்டமே ரத்தாகிவிட்டதால், அது சமத்துவத்துக்கு விரோதமா என்று ஆராய வேண்டிய தேவை இல்லை என்று நீதிபதிகள் விட்டுவிட்டார்கள். கிறிஸ்தவப் பெண் என்பதற்காக ஒருத்திக்கு, அவள் அண்ணனுக்கும் இல்லாத, பக்கத்து வீட்டு இந்துப் பெண்ணுக்கும் இல்லாத ஒரு குறை ஏற்பட்டது; அது அரசியல் சாசனத்துக்கு முன் என்ன பெயர் பெறும்? நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்தில் அந்தக் கேள்வி எழுந்தது. எழுந்த இடத்திலேயே விடப்பட்டது.

இந்தக் கேள்விக்கு நீதிமன்றங்கள் தடுமாறுவது நம் நாட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலை இழந்த ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கில் 1976இல் தீர்ப்பு வந்தது. 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. மந்தம் வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே என்ற விதிப்படி அவர்களில் 1970க்குப் பிறகு சேர்ந்தவர்கள் எல்லோரும் போனார்கள். பெண்களை எடுத்திருக்கிறார்களே என்றது நீதிமன்றம். எடுக்கப்பட்டவர்கள் வெள்ளைப் பெண்கள். நிறப் பாகுபாடு என்றால் கறுப்பினத்தவர் தொடுத்த இன்னொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்றது. இரண்டையும் சேர்த்து ஒரு வழக்காகக் கேட்க முடியாது என்று தள்ளிவிட்டது. 1989இல் கிம்பர்லி கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியர் இந்த வழக்கை எடுத்துக்கொண்டுதான், பாகுபாடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிற்கும் பெண் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று எழுதினார். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் 1859 விளம்பரம்தான் நினைவுக்கு வந்தது.

நம் உச்ச நீதிமன்றமும் 2021 ஏப்ரலில், ஆந்திரத்தில் பார்வையில்லாத தலித் பெண் ஒருவருக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமை வழக்கில், இதை விரிவாகவே பேசியது. பெண், தலித், பார்வையற்றவர் என்ற மூன்றும் சேர்ந்தே அவரை அந்த நிலைக்குத் தள்ளின என்று விளக்கியது. பாலியல் குற்றத்துக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொடுத்த தண்டனையை ரத்து செய்தது. சாதி காரணமாகத்தான் குற்றம் நடந்தது என்று தனியே நிரூபிக்கவில்லை என்பதால். சேர்ந்திருப்பதைச் சேர்ந்தே பார்க்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதிய தீர்ப்பில்கூடக் கடைசியில் ஒரு இழையைத் தனியே உருவிக் காட்டச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அன்றைய சட்டம் அப்படி எழுதப்பட்டிருந்தது.

1986க்குப் பிறகு எங்கள் பக்கம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பெண்கள் கூட்டம் கூட்டமாக வழக்குப் போடவில்லை. தகப்பன்மார் அவசரமாக உயில் எழுதினார்கள். உயில் இருந்தால் சம பங்கு விதி வேலை செய்யாது. சட்டம் திறந்துவிட்ட கதவை ஒரு தாள் அடைத்துவிடும். கேரளத்தில் பழைய சட்டத்தை உயிர்ப்பித்து, நடந்து முடிந்த பாகங்களைச் செல்லும்படியாக்க 1994இல் ஒரு மசோதா எழுதினார்கள். நல்லவேளை, அது சட்டமாகவில்லை. மேரி ராய் தன் பங்கைக் கையில் பெற அதன் பிறகும் பல வருடம் கீழ் நீதிமன்றங்களில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அவர் 2022 செப்டம்பர் 1ஆம் தேதி இறந்தார்.

என்னிடம் வரும் பெண்கள் இன்றும் முதலில் சொல்வது, “அண்ணன்கூட சண்டைக்கு நிக்க வரல்ல, வக்கீலம்மா” என்பதுதான். தங்கச்சி கல்யாணத்துக்கும், தம்பி வீடு கட்டும் கடனுக்கும் என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிப் போகிறார்கள். இப்போது பெருவிரல் ரேகை இல்லை; பட்டம் படித்த பெண்கள் அழகாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். போட்டுக்கொடுத்தால்தான் அம்மா வீட்டுக்குப் போய்வர முடியும், பிள்ளைப்பேற்றுக்கு அங்கே ஒரு கட்டில் கிடைக்கும். கொடுக்காதே என்று நான் யாருக்கும் உத்தரவு போடுவதில்லை. உனக்கு உள்ளது எவ்வளவு என்று சென்ட் கணக்கில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, இதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடு என்பேன். அந்தத் தாளைப் பார்த்தபின் பேனாவைக் கீழே வைத்தவர்களும் உண்டு.

அந்த 1925 சட்டமும் முழுச் சமத்துவச் சட்டம் இல்லை. அதன் 42ஆம் பிரிவைப் பாருங்கள். கணவனோ மனைவியோ பிள்ளைகளோ இல்லாமல், உயிலும் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய தகப்பன் உயிரோடு இருந்தால் சொத்து முழுவதும் தகப்பனுக்கு. பெற்ற தாய்க்கு ஒன்றும் இல்லை. கல்யாணமாகாத இந்துப் பெண் இறந்திருந்தால் தாயும் தகப்பனும் பாதிப் பாதி. கிறிஸ்தவத் தாய்க்கு உள்ள இந்தக் குறை இந்துத் தாய்க்கும் இல்லை, கிறிஸ்தவத் தகப்பனுக்கும் இல்லை.

என்னிடம் இப்போது ஒரு கட்சிக்காரர் இருக்கிறார். கடலோரக் கிராமம். மீன் சுமந்து விற்று மகளை நர்ஸிங் படிக்கவைத்தவர். மகள் வெளிநாட்டில் வேலைபார்த்து ஊரில் ஐந்து சென்ட் வாங்கி ஒரு வீடு கட்டினாள். கல்யாணத்துக்கு முன்பே நோயில் இறந்துவிட்டாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே வீட்டைவிட்டுப் போன தகப்பன், வேறு குடும்பத்தோடு இருக்கிறவர், இப்போது வந்து அந்த வீடு என்னுடையது என்கிறார். இன்றைய சட்டப்படி அவர் சொல்வது சரி. இந்தத் தாயின் கரையோரச் சபையில் சமபங்கு வழக்கம் இருந்தது என்பதை 1916இன் சட்டம்கூட ஒப்புக்கொண்டது. 1925இன் சட்டம் இந்த ஓரிடத்தில் அதைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. மேரி ராய் வழக்கில் பதில் சொல்லாமல் விட்ட கேள்வியை 42ஆம் பிரிவின்மேல் வைத்து உயர் நீதிமன்றத்துக்கு ஒரு ரிட் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தமுறை ரத்தான சட்டம் என்று ஒதுக்க முடியாது. இது அமலில் உள்ள சட்டம்.